குறைதீர் நாள்

விருதுநகர் கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை, மனு கொடுக்கும் நாள். வாசலில் போலீஸ்காரர்கள் பைகளைத் திறந்து தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்க்கிறார்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக்குப் பயந்து ஒரு குடும்பமே தீக்குளித்த பிறகு வந்த வழக்கம் இது.

எனக்கு முன்னால் ஒரு குடும்பம். அம்மா, பெரியப்பா, இருபத்தோரு வயது மதிக்கத்தக்க பெண், அவளைவிட மூன்று நான்கு வயது மூத்த அண்ணன். அண்ணன் வாட்டசாட்டமான ஆள். காதில், அச்சகத்தில் மிஷினோடு நிற்பவர்கள் மாட்டும் காதுமூடி. முன்னும் பின்னும் ஆடியபடி நிற்கிறான். தாடை வழவழவென்று மழித்திருக்கிறது. ஒரே ஒரு சின்ன வெட்டு.

போலீஸ்காரர் கையை நீட்டுவதற்குள் அம்மா குறுக்கே வந்துவிடுகிறாள். “அய்யா, பையனத் தொட்ராதீங்க. நானே எல்லாத்தையும் காட்டிடுறேன்.” சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட தீப்பெட்டி லேபிள் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டுகிறாள். திருப்பி வைக்கும்போது மேல் லேபிள் மேலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறாள். போலீஸ்காரர் ஒன்றும் கேட்காமல் தள்ளி நிற்கிறார். நல்ல மனுஷன்.

மனு எழுதுகிறவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருக்கிறார். நான் என் பட்டா விவகாரத்துக்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். காது சும்மா இருக்குமா?

விஷயம் இதுதான். பையனுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. அவன் கையெழுத்துப் போடமாட்டான். பதினெட்டு தாண்டிவிட்டால் அம்மாவே ஆனாலும் சட்டப்படி காப்பாளர் இல்லை. வங்கியில் அதற்குச் சான்று கேட்கிறார்கள். 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறது. மாவட்டந்தோறும் உள்ளூர் அளவிலான குழு. கலெக்டரும், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அதில் உட்கார்ந்து, யார் காப்பாளர் என்று முடிவு செய்கிறார்கள்.

மனு எழுதுகிறவர் பழைய சான்றிதழைப் புரட்டுகிறார். அதில் மனவளர்ச்சி குன்றியவர் என்று இருக்கிறது. பையன் சின்னவனாக இருந்தபோது நடப்பில் இருந்த 1995 சட்டத்தின் ஏழு வகை ஊனங்களில் ஆட்டிசம் கிடையாது. 2016 சட்டம்தான் வகைகளை 21 ஆக்கி அதைச் சேர்த்தது. அதற்குள் இவனுக்குப் பள்ளிக்கூட வயது ஏறக்குறைய முடிந்திருக்கும்.

“பையன் என்ன செய்றாப்ல?”

“சிவகாசியில சொந்தக்காரங்க பிரஸ்ல பெட்டி மடிக்கான்,” என்கிறார் பெரியப்பா. குரலில் பெருமை இருந்தது. கிஃப்ட் பாக்ஸ் அட்டைகளாம்; ஒரு மூலை பிசகாதாம். மிஷின் நாளெல்லாம் தடதடவென்று ஓடும், அதன் பக்கத்திலேயே நிற்பானாம். யாராவது ஒரு தகரத்தைத் தவறிக் கீழே போட்டால்தான் ஓட்டமாம். சொல்லிவைத்து வருகிற சத்தத்தைத் தாங்குவான், சொல்லாமல் வருகிறதைத் தாங்கமாட்டான். சவரம் செய்ய அவனைப் பழக்கியதும் பெரியப்பாதான். டிரிம்மர் உறுமும், அதனால் பிளேடு. முதலில் தன் தாடையில் ஒரு இழு, பிறகு அவன் தாடையில் ஒரு இழு. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே சோப்பைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறானாம்.

“அப்ப தீபாவளிக்கு?” இது நான் கேட்க நினைத்தது, மனு எழுதுகிறவர் கேட்டார்.

பெரியப்பா சிரித்தார். வெடிக்கிற நேரம் காலை ஆறிலிருந்து ஏழு, ராத்திரி ஏழிலிருந்து எட்டு என்று கவர்மெண்ட்டு சொல்லியிருக்கிறது, ஊர் கேட்கவா செய்கிறது? அதனால் இரண்டு நாள் முன்னதாகவே பஸ் ஏறிவிடுகிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிச் சரணாலயத்துக்கு வருகிற பறவைகள் கலைந்துவிடக்கூடாது என்று ஊரே வெடி போடாத ஊர். அங்கே அம்மாவுக்குத் தூரத்து உறவு. நாட்டுக்கே வெடி செய்து அனுப்புகிற ஊர்க்காரர்கள், கொக்கு நாரைகளுக்காக ஒதுக்கிய அமைதியில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

“தகப்பனார் பேரு?”

அம்மா சொன்னாள். “காலமாயிட்டாக.”

பேனா ஒரு கணம் நின்றது, பிறகு எழுதியது. எப்படி என்று அவர் கேட்கவில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஒரே வெடி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. அந்தக் கேள்வியை இங்கே தெரிந்தவர்களிடம்கூட யாரும் சட்டென்று கேட்டுவிடுவதில்லை.

“காப்பாளர் பேரு உங்க பேருதானம்மா?”

“இல்ல. பொண்ணு பேரு.”

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அவருக்கே இது புதுசு போலிருக்கிறது. “என்னம்மா இது? நாளைக்குக் கட்டிக்குடுத்தா இன்னொரு வீட்டுக்குப் போற புள்ள. நீங்க இருக்கும்போது எதுக்கு அவ?” அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்லமுடியாது. மாப்பிள்ளை வீட்டார் இந்தத் தாளை எப்படிப் படிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மா இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்திருந்தாள். நகக்கண்ணெல்லாம் வெள்ளிப் பூச்சு. எவ்வளவு தேய்த்தாலும் போகாத அலுமினியப் பொடி.

“நான் வெடி ஆபீஸ்ல மருந்துப் பக்கம் வேலை பாக்குறவ. என் பேரப் போட்டு என்ன பிரயோசனம்?”

சத்தம் உயரவில்லை. விலைவாசி பேசுவதுபோலத்தான் சொன்னாள். காப்பாளராக யாரை வேண்டுமானாலும் பெற்றவர் கேட்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அந்த இடத்தை அவள் எங்கோ விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள். மகளிடமும் முன்பே பேசியிருக்க வேண்டும். அந்தப் பெண் அசரவில்லை. அண்ணன் காதுமூடியைக் கழற்றப் போனபோது மட்டும், “அண்ணே, மைக் இருக்கு. உள்ள போயிட்டு கழட்டலாம்,” என்றாள். அவன் கையை இறக்கிக்கொண்டான். இத்தனை பேச்சிலும் அவனிடம் அவனைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்து மேசையில் போட்டோவைப் பார்த்து எழுத்தர் நெற்றியைச் சுருக்கினார். “இது ஸ்டுடியோல எடுத்தது இல்லியே?”

“ஃபிளாஷ் அடிச்சா இருக்கமாட்டான் சார். ஜன்னல் பக்கத்துல உக்காரவச்சு நான்தான் செல்லுல எடுத்தேன்.”

“கேமராவப் பாக்கவே இல்லியேம்மா.”

“பாக்கமாட்டான் சார். நாப்பது எடுத்ததுல இதுல மட்டும்தான் முகம் முழுசா விழுந்திருக்கு.”

அவர் ஒருமுறை அவனைப் பார்த்தார், ஒருமுறை படத்தைப் பார்த்தார். மேசை டிராயரைத் திறந்து பசைக்குப்பியைத் தேடினார். கமிட்டி கூடும் தேதி போனில் வரும், அன்றைக்குப் பையனையும் கண்டிப்பாகக் கூட்டிவர வேண்டும் என்றார். மகள் தன் நம்பரை எழுதிக்கொடுத்தாள்.