பழைய வானொலியா, புதிய வானொலியா?



மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்துக்கு அமெச்சூர் வானொலி எதற்கு என்று வினவுவோர்க்கு என் விடை ஒரே சொல்தான்: கஜா. 2018 நவம்பர் 16 அன்று அப்புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின் எங்கள் பகுதியில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் பல நாள்கள் செயலற்றுக் கிடந்தன. வெளிநாட்டில் இருந்தோர் பெற்றோரின் நலமறிய வழியின்றித் தவித்தனர். அதன் பின்னரே நான் தேர்வெழுதி உரிமம் பெற்றேன்.

கருவி வாங்கப் புகுந்தபோது இரண்டு அமைந்தன. ஒன்று, முதிய ஹாம் ஒருவர் விற்க முன்வந்த பிளெக்ஸ்-5000. மற்றொன்று, 2016-இல் சந்தைக்கு வந்த ஐகாம் ஐசி-7300. இரண்டும் 100 வாட் ஆற்றல் உடையவை. இரண்டுமே மென்பொருள்வழி வானொலிகள். முற்காலத்தில் சுருள்களும் படிகங்களும் செய்த வடிகட்டும் வேலையை இவற்றில் கணக்கீடு செய்கிறது. பழையதின் விலையோ புதியதில் பாதிகூட இல்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துச் சேர்த்த பணம் என்பதால் மனம் அதன் பக்கமே சாய்ந்தது.

ஆனால் அக்கணக்கீடு எங்கே நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பழையது அலையைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கி, வினாடிக்கு 1,92,000 முறை அளந்து, அவ்வெண்களை ஃபயர்வயர் என்னும் இணைப்பு வழியே கணினிக்கு அனுப்பிவிடும். எஞ்சியதெல்லாம் கணினியின் பொறுப்பு. கணினி இல்லையேல் அது பாதி வானொலிதான். புதியது, ஆண்டெனாவில் வரும் அலையையே வினாடிக்குப் பன்னிரண்டு கோடி முறைக்கு மேல் நேரடியாக அளந்து, கணக்கையும் தன் பெட்டிக்குள்ளேயே முடித்துக்கொள்கிறது.

கேட்கும் திறனில் பழையது இளைத்ததன்று. புதியதிலும் குறை உண்டு: அருகில் வலுவான நிலையம் ஒலித்தால் அளக்கும் சில்லு தாங்காது, திரையில் 'ஓவிஎஃப்' என்ற எச்சரிக்கை தோன்றும், உள்வரும் அலையின் வலுவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அம்முதியவர் நேர்மையாளர். இன்றைய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் துளை இல்லை என்பதையும், தம்மிடமுள்ள மேசைக்கணினி பழுதானால் அதற்கேற்ற அட்டை தேடி அலைய நேரும் என்பதையும் கேட்குமுன்னே கூறினார். குறையைச் சொல்லாமல் விற்பது ஆகாது என்று வணிகப் பாடத்தில் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கும் எனக்கு, அதைக் கடைப்பிடிக்கும் ஒருவரைக் கண்டது மகிழ்ச்சி தந்தது. அவர் முஸ்லிம் அல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

முடிவைத் தீர்மானித்தது பேட்டரிதான். ஐசி-7300 கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தால் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் மின்னோட்டமே எடுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் இரண்டு நாள்களுக்குக் குறையாமல் தாங்கும். முழு ஆற்றலில் பேசும்போது 21 ஆம்பியர் வரை செல்லும் என்பதால் சுருக்கமாகப் பேசவேண்டும், அவ்வளவே. பழையதை எடுத்தால் அதே பேட்டரி மேசைக்கணினிக்கும் திரைக்கும் சேர்த்து உணவளிக்க வேண்டும். புயல் இரவில் அது விடியும்வரை நிற்குமா என்பதே ஐயம். கூடுதல் பணத்துக்காக ஓராண்டு காத்திருந்து புதியதையே வாங்கினேன், அல்ஹம்துலில்லாஹ்.

பழையது வீணன்று. அதை இயக்கும் பவர்-எஸ்டிஆர் மென்பொருளின் மூலநிரல் திறந்தது. வானொலி எவ்வாறு கணக்காகிறது என்பதை வரி வரியாகப் படிக்கலாம். என் மாணவர் ஒருவரின் அண்ணன் பொறியியல் பயில்பவர், உரிமமும் உடையவர். அவரே அதை மேசைக்கணினியோடு வாங்கிக்கொண்டார்.