நீர் சேர்த்த பொன்

நுழையும்முன்

பொன் மண்ணில் விளைகிறது என்பது பொதுவான எண்ணம். பாறையெங்கும் சிதறிக் கிடந்த பொன்னை ஓரிடத்தில் சேர்த்து வைத்தது நீர் என்கிறது நிலவியல். ஆழத்தில் ஓடிய வெந்நீரின் தடத்தையும், அத்தடத்தைப் பின்பற்றி நிலத்துக்குள் இறங்கிய மனிதரின் வாழ்வையும் ஒருசேர எண்ணிப்பார்க்கிறது இக்கட்டுரை.

வெளிறிய குன்றுகள்

கர்நாடக மாநிலத்தின் பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை இருப்புப்பாதை, கோலார் தங்கவயலைக் கடந்து மாரிக்குப்பத்தில் முடிகிறது. தங்கவயலை அடைவோரின் கண்ணில் வெளிறிய நிறமுடைய தட்டையான குன்றுகள் தென்படும். ஊர்மக்கள் அவற்றைச் ‘சயனைடு மேடு’ என்பர். அவை இயற்கை அமைத்த குன்றுகள் அல்ல. நிலத்தடிப் பாறையை வெட்டிக் கொணர்ந்து, மாவாக இடித்து, பொன்னைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவே அவ்வாறு உயர்ந்து நிற்கிறது.

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் அங்கே 5 கோடி டன்னுக்கும் மிகுதியான பாறை வெட்டப்பட்டது. அதிலிருந்து கிடைத்த பொன் ஏறத்தாழ 800 டன். கணக்கிட்டால், ஒரு டன் பாறைக்குச் சராசரியாக 16 கிராம், அதாவது இரண்டு சவரன். இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால், புவியோட்டின் சாதாரணப் பாறையில் 1000 டன்னை அலசினாலும் அரைச் சவரன் தேறுவது அரிது. அப்படியாயின், கோலாரில் மட்டும் பொன்னை ஏறத்தாழ 4000 மடங்கு செறிவாகக் கொண்டுவந்து சேர்த்தது எது? அவ்வினாவுக்கு நிலவியல் தரும் விடை: வெந்நீர்.

கரைவதும் படிவதும்

புவியின் ஆழத்தில் நீர் நூற்றுக்கணக்கான பாகை வெப்பம் அடைகிறது. மேலுள்ள பாறைகளின் அழுத்தத்தால் அது எளிதில் கொதிப்பதில்லை. உப்பும் கந்தகமும் கலந்த அந்நீர், தான் ஊடுருவும் பாறைகளிலிருந்து உலோகங்களைச் சிறிதுசிறிதாகக் கரைத்துக்கொள்கிறது. செம்பு, ஈயம், துத்தநாகம் ஆகியவற்றை உப்பில் உள்ள குளோரின் தன்னோடு பிணைத்துச் சுமக்கும். பொன்னைப் பெரும்பாலும் கந்தகம் சுமக்கும்.

சுமந்தது இறங்குவதற்கும் காரணம் வேண்டும். நீர் குளிரும்போதும், அழுத்தம் குறைந்து கொதிக்கும்போதும், வேறு நீருடன் கலக்கும்போதும், வழியிலுள்ள பாறையுடன் வினைபுரியும்போதும் உலோகத்தைச் சுமக்கும் ஆற்றலை அது இழக்கிறது. அவ்விடத்தில் உலோகம் படிகிறது. இவ்வாறு உருவானவை நீர்வெப்பக் கனிமப் படிவுகள் எனப்படும். நீர் எங்கிருந்து வந்தது, எங்கே தன் சுமையை இறக்கியது என்பதைப் பொறுத்து அவற்றின் இயல்பு வேறுபடுகிறது.

நான்கு தடங்கள்

முதல் தடம் கடலடியில் உள்ளது. கிழக்குப் பசிபிக்கில் ஏறத்தாழ 2.6 கிலோமீட்டர் ஆழத்தில், கரும்புகை கக்குவது போன்ற ஊற்றுகளை ஆல்வின் என்னும் நீர்மூழ்கியில் சென்றோர் 1979இல் கண்டனர். கடல்நீர் பிளவுகள் வழியே இறங்கி, பாறைக்குழம்பின் வெப்பத்தால் சூடேறி, ஏறத்தாழ 350 பாகை செல்சியஸ் வெப்பத்துடன் மீண்டும் பீறிட்டது. குளிர்ந்த கடல்நீரைத் தொட்ட கணமே உலோகங்கள் கந்தகத்துடன் கருந்துகள்களாகப் படிந்தன. இப்படிவுகளின் வெப்பமிகு நடுப்பகுதியில் செம்பும் விளிம்பில் துத்தநாகமும் மிகுதி. சைப்ரஸ் தீவின் பழம்பெரும் செம்புச் சுரங்கங்கள், ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இவ்வாறு தோன்றி, பின்னர் நிலமாக உயர்ந்தவை.

இரண்டாம் தடம் எரிமலைத் தொடர்களின் அடியில் உள்ளது. சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு இறுகும்போது, அதில் அடங்கியிருந்த நீர் பிரிந்து சுற்றுப்பாறையை நொறுக்குகிறது. வலைபோல் பின்னிய நுண்பிளவுகளில் செம்பு படிகிறது. சிலி நாட்டின் சுக்கிகமாட்டா இவ்வகையைச் சார்ந்தது. இவ்வகைப் பாறை 100 கிலோவில் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவான செம்பே இருக்கும். ஆனால் படிவின் பரப்போ மலையளவு. உலகம் தன் செம்புத் தேவையில் பெரும்பகுதியை இத்தகைய படிவுகளிலிருந்தே பெறுகிறது.

மூன்றாம் தடம் நிலமேற்பரப்புக்கு அண்மையில் உள்ளது. ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் வெந்நீர் கொதித்து, பொன்னையும் வெள்ளியையும் இறக்கிவிடுகிறது. ஜப்பானின் ஹிஷிகாரி சுரங்கம் இவ்வகை. நியூசிலாந்தின் ஷாம்பெயின் குளம் என்னும் வெந்நீர்க் குளத்தின் விளிம்பில் படியும் செம்மஞ்சள் வண்டலில் இன்றும் பொன்னும் வெள்ளியும் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

நான்காம் தடத்துக்கு எரிமலையே தேவையில்லை. பழைய வண்டல் படுகைகளில் புதைந்த உவர்நீர், ஆழத்தின் இயல்பான வெப்பத்தால் சூடேறி, நெடுந்தொலைவு நகர்ந்து, சுண்ணாம்புப் பாறைகளில் ஈயத்தையும் துத்தநாகத்தையும் இட்டுச் செல்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கு இதற்குப் பெயர்பெற்றது.

கோலாரின் வெண்ணரம்பு

கோலாரின் பொன் ஐந்தாம் வகை. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட எரிமலைப் பாறைகள் மலையாக்க விசையில் நெரிபட்டு உருமாறின. அவ்வாறு உருமாறும் பாறைகளின் கனிமங்களில் அடங்கியிருந்த நீர் ஆழத்தில் வெளியேறியது. நீரின் அழுத்தம் மிகும்போது பாறை பிளந்தது, நிலம் அதிர்ந்தது. பிளவில் அழுத்தம் சட்டெனக் குறைய, குவார்ட்சு என்னும் வெண்கல் படிந்து பிளவை அடைத்தது. மீண்டும் அழுத்தம் மிகுந்தது; மீண்டும் பிளந்தது. இவ்வாறு அடுக்கடுக்காக வளர்ந்த கனிம நரம்பில் பொன் தங்கியது. அருகிலிருந்த பாறையின் இரும்பு, நீரிலிருந்த கந்தகத்தை ஈர்த்துக்கொண்டதும் பொன் இறங்கக் காரணமாயிற்று.

அந்நரம்பைப் பின்தொடர்ந்து மனிதர் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்கு இறங்கினர். அவர்களுள் வடஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்த தமிழர் பலர். ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகையைக் கடந்தது. கல்தூள் நுரையீரலில் படிந்து உடலை நலித்தது. நெரிபட்ட பாறை திடீரெனச் சிதறும் பாறைவெடிப்பு பல உயிர்களைக் கொண்டது. அன்று பொன் வர வழிவிட்டதும் பாறையின் பிளவே. பின்னாளில் உழைத்தோரின் உயிரைப் பறித்ததும் பாறையின் பிளவே.

சுரங்கத்தை இயக்கவும் நீர் துணைநின்றது. சிவசமுத்திரத்தில் விழும் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் தங்கவயலை அடைந்தது. பொன்னைப் பிரித்த முறையும் இயற்கையின் முறையே. இடித்த பாறையைச் சயனைடு நீரில் ஊறவைத்துப் பொன்னைக் கரைத்தனர். பிறகு கரைசலிலிருந்து படியச் செய்தனர். ஆழத்து வெந்நீர் காலங்காலமாகச் செய்ததை ஆலையின் தொட்டி சில நாள்களில் செய்தது. அந்த விரைவின் விலை, இன்றும் காற்றில் தூசியாய்ப் பறக்கும் அந்த மேடுகள்.

எஞ்சிய துளி

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நரம்பின் வளம் குறைந்து, ஆழம் மிகுந்து, எடுக்கும் பொன்னைவிட எடுக்கும் செலவு உயர்ந்துவிட்டது. வெட்டிய வெற்றிடத்தை நிரப்ப அந்த வெந்நீர் மனிதர் காணும் காலத்துக்குள் திரும்பாது. பொன்னையும் செம்பையும் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். தீர்ந்த சுரங்கத்தை மறுபடி விளைவிக்க இயலாது.

அந்நீர் முற்றும் மறைந்துவிடவுமில்லை. குவார்ட்சு வளரும்போது நீரின் நுண்துளிகள் அதனுள் சிறைப்படுவதுண்டு. குளிர்ந்து சுருங்கிய துளியில் ஒரு குமிழி தோன்றும். கல்லை மென்தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியின் கீழ் சூடேற்றினால், குறிப்பிட்ட வெப்பத்தில் குமிழி மறையும். கல் உருவானபோது நீர் குறைந்தது அவ்வளவு வெப்பமாவது கொண்டிருந்தது என அறியலாம். இவ்வழியை 1858இல் ஹென்றி சோர்பி என்னும் ஆங்கில அறிஞர் விளக்கினார். பொன்னைத் தேடுவோர் பயனற்றதெனக் கழிக்கும் கல்லே, பொன் வந்த வரலாற்றைச் சொல்கிறது.

விடியற்காலையில் தங்கவயலிலிருந்து தொடர்வண்டி புறப்படுகிறது. சுரங்கத்தில் உழைத்தோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். பொழுது சாய்ந்தபின், தங்கள் முன்னோர் நிலத்தடியிலிருந்து கொணர்ந்த பாறை வெளிறிய குன்றுகளாய் நிற்கும் அவ்வூருக்கே அவர்கள் திரும்புகின்றனர்.