இரு பந்திகள் ஒன்றான இரவு

பிளாரன்ஸ் நகரின் மாடங்களையும் மணிக்கூண்டுகளையும் காணச் செல்வோர் பலர். அந்நகருக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், அப்பெனைன் மலைத்தொடரின் மடியில் கிடக்கும் முஜெல்லோ பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்போர் சிலரே. சியேவே என்னும் சிற்றாறு அதன் நடுவே ஓடுகிறது. ஓவியக் கலைக்குப் புத்துயிர் அளித்த ஜியோத்தோ பிறந்தது இப்பள்ளத்தாக்கிலே என்பது மரபு. துறவியும் ஓவியருமான பிரா அஞ்செலிக்கோவும் இம்மண்ணின் மைந்தரே. மலைச்சரிவெங்கும் செஸ்ட்நட் மரங்கள். அவற்றிற்கிடையே கல்லால் கட்டிய பழைய குடியானவர் வீடுகள்.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாகத் திருப்பலி நிறைவேற்ற இரு வாரங்கள் நாம் அங்குத் தங்கியிருந்தோம். கண்டவை பல, கேட்டவை பல. ஆயினும் அன்பார்ந்த வாசகர்களே, இன்றளவும் நம் நெஞ்சைவிட்டு நீங்காது நிற்பது கோவிலும் அன்று, கோபுரமும் அன்று. ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுக்களையே. அங்குச் சமைத்த ஒரு விருந்தைப் பற்றியே ஈண்டு எழுதுகிறோம்.

அன்று ஆகஸ்டு 11, ஞாயிற்றுக்கிழமை. காலைத் திருப்பலி முடிந்ததும் அவ்வூர்க் கோவிற்பிள்ளை நம்மைத் தம் சிற்றுந்தில் ஏற்றிக்கொண்டு பார்பியானா என்னும் மலையூருக்கு அழைத்துச் சென்றார். ஊர் என்று சொல்வதும் மிகை. ஒரு சிறு கோவில், அதையொட்டி ஒரு வீடு, கீழே ஒரு சிறு கல்லறைத் தோட்டம், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பண்ணை வீடுகள், அவ்வளவே. 1954-ஆம் ஆண்டு டிசம்பரில் லொரேன்சோ மிலானி என்னும் இளங்குரு இங்கு அனுப்பப்பட்டபோது, நல்ல பாதையும் இல்லை, மின்விளக்கும் இல்லை. அவரோ பிளாரன்சின் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தவர். குடியானவர் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவர் பள்ளி நடத்தினார். பள்ளிகளால் தள்ளப்பட்ட அப்பிள்ளைகள் அவரோடு கூடி ஆசிரியை ஒருவருக்கு எழுதும் கடிதமாக வரைந்த நூல் 1967-இல் வெளிவந்து இத்தாலியக் கல்வியுலகையே உலுக்கிற்று. அவ்வாண்டு ஜூன் 26-ஆம் நாள், தம் 44-ஆம் வயதில் அவர் மறைந்தார். 2017-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் இம்மலைக்கு ஏறி வந்து அக்கல்லறையருகே நின்று செபித்தார்.

மிலானியின் இளமை பற்றி ஒரு செய்தி சொல்லப்படுகிறது. போர்க்காலத்தில் பிளாரன்சின் ஏழைகள் வாழும் சந்தொன்றில் நின்று அவர் வெள்ளை ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாராம். ஏழைகளின் தெருவில் வந்து வெள்ளை ரொட்டி தின்னலாமா என்று ஒரு பெண்மணி அவரைக் கடிந்து கொண்டாளாம். அச்சொல் அவர் உள்ளத்தைத் தைத்ததென்பர்.

இதையெல்லாம் எண்ணியவாறு மலையிறங்கி வருகையில் கோவிற்பிள்ளை மகிழ்ச்சியோடு சொன்னார்: “தந்தையே, இன்றிரவு நீங்கள் எங்கள் வீட்டில் உண்ண வேண்டும். அம்மா தொர்தெல்லி செய்கிறார்கள். என் மகன் பெரிய பிஸ்தெக்கா ஒன்று வாங்கி வைத்திருக்கிறான்.”

நம் உள்ளம் சற்றே சுருங்கியது. பிஸ்தெக்கா என்பது எலும்போடு தடிப்பாக வெட்டித் தணலில் வாட்டும் மாட்டிறைச்சித் துண்டம். பிளாரன்சு நாட்டார் போற்றும் உயர்ந்த உணவு. வசதி படைத்தோர் உணவுக்கடைகளில் அதைப் பெருவிலை கொடுத்து உண்பதைக் கண்டிருக்கிறோம். ஏழைகளின் குருவானவர் கல்லறையில் காலையில் முழந்தாளிட்டுவிட்டு, மாலையில் அத்தகைய பந்தியில் அமர்வதா? மறுக்கவும் மனம் வரவில்லை. ஒப்பவும் மனம் வரவில்லை. அரைமனதோடே சென்றோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கோவிற்பிள்ளையின் தாயார், 84 வயது நிரம்பிய மூதாட்டி, மாவுக் கையோடே நம்மை வரவேற்றார். “சும்மா அமர்ந்திருக்க வேண்டாம், தந்தையே. கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள்” என்றார். மறுமொழி சொல்ல இயலவில்லை. மேலங்கியின் கைகளைச் சுருட்டிக்கொண்டு பலகையருகே நின்றோம்.

100 கிராம் கோதுமை மாவுக்கு ஒரு முட்டை, அதுவே கணக்கு. தண்ணீர் சேர்ப்பதில்லை. கைவலிக்கப் பிசைந்து, துணி போர்த்தி அரைமணி நேரம் வைத்தபின், நீண்ட உருளைக்கட்டையால் மெல்லிய விரிப்பாகத் தேய்க்க வேண்டும். உள்ளே வைக்கும் பூரணம் என்ன? இறைச்சியன்று, உருளைக்கிழங்கே! அவித்து மசித்த கிழங்கோடு, எண்ணெயில் வதக்கிய பூண்டும் பார்ஸ்லி இலையும் சிறிது தக்காளியும், துருவிய பார்மிஜானோ பாலாடைக்கட்டியும், ஜாதிக்காய்த் தூளும் சேர்த்துப் பிசைகின்றனர். அதைச் சிறு உருண்டைகளாக வைத்து, மாவை அதன்மேல் மடித்து, சதுரமாக வெட்டி, ஓரங்களை முள்கரண்டியால் அழுத்தி மூடுகின்றனர். நம் வீடுகளில் கிறிஸ்துமசுக்குச் சோமாசி மடிக்கும் பெண்களின் கைகளை நினைத்துக்கொண்டோம்.

மலைக்கு அப்பால் பொலோஞா நகரிலும் பூரணம் வைத்த பாஸ்தா உண்டு. தொர்தெல்லீனி என்னும் அதன் உள்ளே பன்றியிறைச்சி, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, மொர்த்தடெல்லா என்னும் இறைச்சிப் பண்டம், பாலாடைக்கட்டி என வளமெல்லாம் நிறைந்திருக்கும். அதன் செய்முறையை 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அந்நகர் வணிகக் கழகத்தில் முறைப்படி பதிவே செய்து வைத்திருக்கின்றனர்! முஜெல்லோவின் மலைக்குடியினருக்கு அவ்வளமில்லை. கிழங்கு வருமுன் செஸ்ட்நட் கொட்டையை அரைத்துப் பூரணமாக வைத்தனர் என்று அவ்வூரார் கூறுவர்; பின்னர் கிழங்கு வந்தது. இல்லாமையை மாவுக்குள் மறைத்து, அதைத் திருநாள் உணவாக்கிய பெண்களின் அறிவை என்னென்பது!

நாம் மடித்தவை சுமார் இருபது இருக்கும். “நன்று, நன்று” என்று பாட்டியம்மா பாராட்டினார். ஆனால் கொதிக்கும் உப்பு நீரில் இட்டதும், நாம் மடித்தவை மட்டுமே வாய் பிளந்து கிழங்கைக் கக்கின. பேரன் வயிறு குலுங்கச் சிரித்தான். “மறையுரையில் வாயைத் திறப்பவர், தொர்தெல்லியின் வாயை மூட அறியவில்லை” என்று பாட்டியம்மா சொல்ல, வீடே சிரித்தது, நாமும் சிரித்தோம்.

அதற்குள் முற்றத்தில் மகனும் பேரனும் ஓக் விறகை எரித்துத் தணலாக்கியிருந்தனர். பிஸ்தெக்காவைக் கண்டு வியந்தோம். ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை; நான்கு விரற்கடைத் தடிப்பு. நடுவே எலும்பு, அதன் ஒரு புறம் முதுகுச் சதை, மறுபுறம் மென்மையான உள்சதை. குளிர்பெட்டியிலிருந்து முன்னதாகவே எடுத்து வெளியே வைத்திருந்தனர். இல்லையேல் மேலே கருகி உள்ளே குளிர்ந்திருக்குமாம். உப்பில்லை, எண்ணெயில்லை, மசாலையுமில்லை. சுடர் அடங்கிய தணல்மேல் கம்பித் தட்டில் வைத்து, ஒரு புறம் ஐந்து நிமிடம், மறுபுறம் ஐந்து நிமிடம். பின்பு எலும்பின்மேல் நேராக நிறுத்திச் சில நிமிடம். முள்கரண்டியால் குத்தித் திருப்புதல் கூடாது, சாறு ஒழுகிவிடும். இறக்கியபின் சிறிது நேரம் ஆறவிட்டே வெட்ட வேண்டும். உப்பும் மிளகும் ஆலிவ் எண்ணெயும் அதன்பின்னரே.

“நேற்று புனித லாரன்சின் திருநாள் அல்லவா?” என்று தணலைக் கிளறியவாறே கோவிற்பிள்ளை ஒரு கதை சொன்னார். மெதிச்சி குடும்பத்தார் ஆண்ட காலத்தில், அத்திருநாளன்று பிளாரன்சின் சான் லொரேன்சோ சதுக்கத்தில் மாடுகளைத் தீயில் வாட்டி மக்களுக்குப் பகிர்ந்தளித்தார்களாம். அங்கு நின்ற ஆங்கிலேயர் தம் மொழியில் ‘பீஃப் ஸ்டேக்’ என்று கூவ, அதுவே பிஸ்தெக்கா ஆயிற்றாம். கதை எவ்வாறாயினும், ஆங்கிலச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்தது என்பதை, 1891-இல் பிளாரன்சில் சமையல் நூல் வெளியிட்ட பெல்லெக்ரீனோ அர்த்தூசியும் குறித்துள்ளார். தணல்மேல் உயிர் நீத்தவர் என்று மரபு போற்றும் அப்புனிதர், திருச்சபையின் செல்வங்களைக் கொண்டுவா என்று கேட்ட ஆளுநன் முன் ஏழைகளைக் கொண்டுவந்து நிறுத்தியவர் அன்றோ! இன்றும் அத்திருநாள் மாலையில் அச்சதுக்கத்தில் பாஸ்தாவும் தர்ப்பூசணியும் விலையின்றி வழங்குகின்றனர்.

மேசையில் அமர்ந்தோம். முதலில் இறைச்சிக் குழம்பு ஊற்றிய தொர்தெல்லி வந்தது. பாட்டியம்மா பரிமாறியவாறே, “முதலில் நம் வீட்டு உணவு, பிறகு முதலாளி வீட்டு உணவு” என்றார். அதன் பொருள் என்ன என்று வினவினோம். அவர் சொன்னது இது:

“என் தகப்பனார் பாதிவாரத்துக்கு உழுதவர். விளைச்சலில் பாதி நிலக்கிழாருக்கு; பாதி எங்களுக்கு. கொட்டிலில் வெள்ளை மாடுகள் இரண்டு இருந்தன. பனிக்காலத்தில் எங்கள் அறையைவிட அந்தக் கொட்டிலே வெதுவெதுப்பாக இருக்கும். மாலையில் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருப்போம். மாட்டை விற்றால் பணத்தில் பாதி அவர்களுக்கு. இறைச்சி முழுவதும் நகரத்துக்கு. என் தகப்பனார் வாழ்நாளெல்லாம் அந்த மாடுகளை வளர்த்தார். பிஸ்தெக்காவை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை.”

பேச்சு அடங்கிற்று. கியானீனா என்னும் அவ்வெள்ளை மாட்டினம் உலகிலேயே மிகப் பெரிய மாட்டினங்களுள் ஒன்று. தொஸ்கானா நாட்டு வயல்களைப் பன்னூறு ஆண்டுகள் உழுதது அதுவே. பாதிவார முறையில் புதிய ஒப்பந்தங்கள் செய்வதை 1964-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. குடியானவர் மலைகளை விட்டுத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். உழவு இயந்திரம் வந்தது. ஏரிழுத்த மாடு இறைச்சிக்கென்றே வளர்க்கப்படலாயிற்று. மேசையின் நடுவிலிருந்த அந்தத் துண்டத்தைப் புதிய கண்ணோடு நோக்கினோம். காலையிலிருந்து நம் உள்ளத்தை அரித்த ஐயம் வேறு உருக்கொண்டது. இது ஏழைகளின் தெருவில் தின்ற வெள்ளை ரொட்டியன்று. நூறாண்டுகள் தாமதித்து வந்து சேர்ந்த கூலி.

ஆயினும் பாடம் அத்துடன் முடியவில்லை. இறைச்சியை வெட்டப் போகுமுன் பாட்டியம்மா பேரனை நோக்கி, “அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிடு” என்றார். நடக்கவியலாத முதியவர் ஒருவரைக் கவனிக்க வேற்று நாட்டிலிருந்து வந்து தங்கியிருக்கும் பணிப்பெண் அவர். ஞாயிறு இரவும் தனித்தே உண்பவர். பேரன் தயங்கினான். அது அவன் தன் முதற் சம்பளத்தில் வாங்கியது என்று பின்னரே அறிந்தோம். “பாட்டி, நாமே ஐந்து பேர். அடுத்த முறை அழைப்போமே” என்றான்.

மூதாட்டி கத்தியைக் கீழே வைத்தார். “இதை ஏன் இவ்வளவு தடிப்பாக வெட்டுகிறார்கள், தெரியுமா? ஒருவன் தனியாகத் தின்ன முடியாதிருக்கத்தான். மாட்டை வளர்த்தவனை மேசைக்கு அழைக்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் மேசை அப்படி இராது.”

பேரன் முகம் சிவக்க எழுந்து சென்றான். சிறிது நேரத்தில் அப்பெண்மணியோடு திரும்பினான். தான் அமர்ந்திருந்த நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, அடுக்களையிலிருந்து முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டான். எலும்பையொட்டிய மென்மையான சதையை முதலில் அவருக்கே வெட்டி வைத்தான். உள்ளே செந்நிறம் மாறாத இறைச்சியைக் கண்டு நாம் தயங்கியதையும், உண்ட பின் தயக்கம் போன இடம் தெரியாததையும் மறைக்க வேண்டியதில்லை. துணைக்கு ஆலிவ் எண்ணெய் ஊற்றிய வெள்ளை பீன்ஸ் விதைகளும், அந்நாட்டு உப்பில்லா ரொட்டியும் இருந்தன. ஆளுக்குக் கிடைத்தது சில துண்டுகளே. ஒருவரும் குறைவென்று சொல்லவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, பண்டம் விலையுயர்ந்ததாலேயே விருந்து பாவமாகிவிடுவதில்லை. பண்டம் எளியதாலேயே உணவு புண்ணியமாகிவிடுவதுமில்லை. கிழங்குப் பூரணம் வைத்த ஏழையின் தொர்தெல்லியும், நிலக்கிழாரின் பந்திக்குரிய பிஸ்தெக்காவும் அன்றிரவு ஒரே மேசையில் சந்தித்தன. உழைத்தவரை நினைத்தும், தனித்திருந்தவரை அழைத்தும் அம்மேசை விரிந்தது. உங்கள் இல்லங்களில் அடுத்த விருந்துக்கு அடுப்பு மூட்டும்போது, அடுத்த வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள். நாற்காலி போதாவிடில் முக்காலி போதும்.