பக்கத்தோடு வந்த பாட்டு

2006 பிப்ரவரியில் சாங்பேர்ட் என்ற பாட்டு மென்பொருள் வந்தது. பதிப்பு எண் 0.1. இப்படியும் ஒன்று செய்யலாம் என்று காட்டத்தான் இது என்று, செய்தவர்களே சொல்லிவிட்டுக் கொடுத்த சோதனைச் சரக்கு. வின்ஆம்ப் காலத்து ஆளான ராப் லார்ட் அமெரிக்காவில் தொடங்கிய சிறு கம்பெனியின் வேலை. ஃபயர்பாக்ஸுக்கு அடித்தளமான அதே மொசில்லா நிரலை எடுத்து, அதன்மேல் பாட்டுக் கருவியைக் கட்டியிருந்தார்கள். பாட்டு கேட்கிற ஜன்னலிலேயே வலைத்தளமும் திறக்கும்.

அதிலென்ன அதிசயம் என்று இன்று தோன்றலாம். அன்று பாட்டுக்கு ஒரு ஜன்னல், பிரவுசருக்கு ஒரு ஜன்னல். ராகா போன்ற தளங்களில் ரியல் பிளேயர் வழியாகக் கேட்கலாம், கோப்பு கைக்கு வராது. சாங்பேர்டில் ஏதாவதொரு பக்கத்தைத் திறந்தால், அதில் கிடக்கும் எம்பி3 சுட்டிகளையெல்லாம் அதுவே பொறுக்கியெடுத்துக் கீழே வரிசையாக அடுக்கிவிடும். மேலே பக்கம், கீழே பாட்டுப் பட்டியல். பிடித்ததைச் சொடுக்கினால் பாடும், வேண்டுமென்றால் இறக்கிக்கொள்ளலாம்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீட்டுக்கு அப்போதுதான் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்திருந்தது. வேகம் 256 கேபி. எட்டு நிமிடப் பாட்டு இறங்க நாலு நிமிடம் ஆகும், அரை மணிப் பல்லவிக்குக் கால் மணி. இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணிவரை இறக்குவது கணக்கில் சேராது என்பதால், எங்கள் வீட்டுச் சங்கீதமெல்லாம் அந்த நேரத்தில்தான் வந்து சேர்ந்தது. விஸ்வரூப தரிசனத்துக்குக் கிளம்பும் அம்மா, கூடத்தில் மானிட்டர் வெளிச்சத்தைப் பார்த்து, "ராத்திரி பூரா பொட்டி ஓடறதா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கர்நாடக சங்கீத ரசிகர்கள் தங்களிடமிருந்த பழைய டேப்புகளை எம்பி3 ஆக்கி வலையில் ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. அப்படியொரு பக்கத்தில் ஆலத்தூர் சகோதரர்களின் வானொலிக் கச்சேரி ஒன்று கிடைத்தது. சகோதரர்கள் என்று பெயரே தவிர, உடன்பிறந்தவர்கள் இல்லை. சீனிவாச ஐயர் ஒருவர், சிவசுப்ரமணிய ஐயர் ஒருவர். பக்கம் முதலில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. விண்டோஸ் எக்ஸ்பி சிடியைத் தேடிப் போட்டு, இந்திய மொழிகளுக்கான கோப்புகளை ஏற்றிய பிறகு தமிழ் வந்தது. ஏற்றியவர் விவரமாக எழுதியிருந்தார்: ஸ்பூல் டேப்பில் ரேடியோவிலிருந்து பதிந்தது, பல்லவி நடுவே ஒரு கணம் கரண்ட் போயிற்று, அதற்கு மன்னிக்க வேண்டும்.

1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியோடு வளர்ந்தவர் அப்பா. கச்சேரி நேரத்தில் வீட்டில் யாரும் பேசக்கூடாது. என் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார். பல்லவியில் அந்த இடம் வந்தது. தாளம் போட்ட கை நிற்கவில்லை, விட்டுப்போன எண்ணிக்கையையும் தொடையில் தட்டி முடித்துக்கொண்டது. பாட்டு முடிந்ததும், "யார்றா இந்த மனுஷன்? எந்த ஊர்னு போட்டிருக்கானா பாரு" என்றார். மேலே தள்ளிப் பார்த்தேன். ஊர் இல்லை, மின்னஞ்சல் முகவரி இருந்தது. அப்பா சொல்லச் சொல்ல நான்தான் நன்றிக் கடிதம் தட்டினேன்.

சாங்பேர்ட் 2008 டிசம்பரில் 1.0-ஐ எட்டியது. 2010-இல் லினக்ஸுக்கான பதிப்பை நிறுத்தினார்கள். அதை விடமுடியாத சிலர் நைட்டிங்கேல் என்று தனியாகப் பிரித்து நடத்திப் பார்த்தார்கள். 2013-இல் கம்பெனியையே மூடிவிட்டார்கள். அதற்குள் பாட்டெல்லாம் சுட்டியிலிருந்து செயலிக்குள் குடிபோய்விட்டது. அந்த ரசிகர் பக்கமும் இப்போது இல்லை.

இன்றைய செயலிகள் வேகத்தில் எங்கோ இருக்கின்றன. பேர் சொன்னால் ஆலத்தூரார் உடனே பாடுகிறார்கள், அடுத்து என்ன கேட்கலாம் என்பதையும் அவையே சொல்லிவிடுகின்றன. பாடியவர் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது. டேப்பைப் பூஞ்சணம் பிடிக்காமல் வைத்திருந்து, பிறகு அதை ஊருக்கெல்லாம் கொடுத்தவரை எழுதுவதற்கு மட்டும் இடம் இல்லை. அந்த 0.1 பதிப்பில் அவரும் பாட்டும் ஒரே ஜன்னலில் மேலும் கீழுமாக இருந்தார்கள். அதைத்தான் தேடுகிறேன்.

பழைய பதிவு எதையாவது குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, யாருடைய டேப், எந்தக் கச்சேரி என்று தெரிந்தவரை நாலு வரி எழுதித்தான் அனுப்புகிறேன். "லிங்க் மட்டும் போடு அண்ணா, போதும்" என்கிறான் சித்தப்பா பையன்.