நாற்பத்தைந்தாவது ரேங்க்

டிசம்பர் நடுவில் பாஸ்டன் பக்கத்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் சற்று அடங்கிப்போகும். கல்லூரிச் சேர்க்கையின் முதல் கட்ட முடிவுகள் வரும் நேரம் அது. இடம் கிடைத்த வீட்டிலிருந்து, கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு பிள்ளையின் படம் வரும். கிடைக்காத வீட்டார் பொங்கல் விழா வரை தலைகாட்டமாட்டார்கள்.

நாம் ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்த வியாதி இது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இந்த ஊர்க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஹார்வர்டில் ரெட் லைன் ரயில் ஏறினால், அதே பாதையில் குவின்சி வரும். அப்பாவும் பிள்ளையும் ஜனாதிபதியாக இருந்த ஆடம்ஸ் குடும்பத்தின் ஊர். அப்படி இன்னொரு குடும்பம் அமைய, புஷ் வீட்டாருக்காக 2001 வரை நாடு காத்திருந்தது. குவின்சி நிலையத்துக்குப் பக்கத்தில் கருங்கல் தேவாலயம் ஒன்று. அதன் நிலவறையில் ஜான் ஆடம்ஸும் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸும் தத்தம் மனைவியரோடு அடக்கம்.

மகனின் கதையை எங்கள் வீட்டுக்கு வரும் பெற்றோர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். 10 வயதில் அப்பாவோடு பிரான்சுக்குக் கப்பலேறியவன், 14 வயதில் ரஷ்யாவில் அமெரிக்கத் தூதருக்குப் பிரெஞ்சு பேசிக் கொடுத்தவன், 1825இல் ஜனாதிபதி. இத்தனை வசதியோடு பிறந்தும் நீ நாட்டின் உச்சிக்கு வராவிட்டால் அதற்கு உன் சோம்பேறித்தனம்தான் காரணம் என்ற பொருளில் அப்பா 1794இல் அவருக்கு எழுதினார். "அப்படிச் சொல்லி வளர்க்கணும்" என்பார்கள்.

சார்ல்ஸ் என்ற தம்பியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அவனையும் 9 வயதில் ஐரோப்பாவுக்குக் கூட்டிப் போனார் அப்பா. வீட்டை நினைத்து ஏங்கி, உடம்புக்கும் முடியாமல் போனவனை 11 வயதில் திருப்பி அனுப்பினார்கள். வந்து சேர ஐந்து மாதம் ஆயிற்று. வளர்ந்து நியூயார்க்கில் வக்கீலானார், குடித்தார், அண்ணன் நம்பி ஒப்படைத்த பணத்தையும் தொலைத்தார். அப்பா தலைமுழுகிவிட்டார். 1800 நவம்பரில் புதிய தலைநகருக்குப் போகும் வழியில் அம்மா அபிகேல் மட்டும் போய்ப் பார்த்தார். அந்த மாதக் கடைசியில் சார்ல்ஸ் இறந்தபோது வயது 30.

தம்பியைப் பறிகொடுத்த ஜான் குவின்சி தன் பிள்ளைகளிடம் இளகியிருப்பார் என்றுதானே நினைப்போம்? 1821இல் அவர் வெளியுறவு அமைச்சர். நடுமகன் ஜான் ஹார்வர்டில் 85 பேர் வகுப்பில் 45ஆவது ரேங்க். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வாஷிங்டன் வரலாமா என்று கேட்ட பையனுக்கு, வரவேண்டாம், உன்னைப் பார்த்தால் எனக்கு வருத்தமும் அவமானமும்தான் மிஞ்சும் என்று பதில் போனது. நம் அப்பாக்கள் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடாமல் இரண்டு நாள் அலையவிடுவார்கள். வீட்டுக்கே வராதே என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. பையன் 1823இல், பட்டம் வாங்கும் தறுவாயில், மாணவர் கலகத்தில் சேர்ந்து வெளியேற்றப்பட்டான்.

மூத்த மகன் பெயரே ஜார்ஜ் வாஷிங்டன் ஆடம்ஸ். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு எந்தப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும்? தேர்தலில் தோற்றுப் பதவி இழந்த அப்பாவையும் அம்மாவையும் ஊருக்கு அழைத்து வர, 1829 ஏப்ரலில் அவர் நீராவிக் கப்பலில் புறப்பட்டார். மனம் குழம்பியிருந்தவர், லாங் ஐலண்ட் நீரிணையில் கப்பலிலிருந்து விழுந்து இறந்துபோனார். வயது 28. ஐந்து ஆண்டு கழித்து ஜானும் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் தாத்தா வீட்டில்தான் இருந்தார்கள். தாத்தா ஜான் குவின்சி அந்த முதிய வயதில் நாடாளுமன்றத்தில் அடிமை முறைக்கு எதிராக ஏறக்குறையத் தனியாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மேல் எனக்கு மதிப்பு குறையவில்லை. அப்பாவாக அவரிடம் மாட்டியிருந்தால் என் கதி என்ன என்ற யோசனைதான் வரும்.

தப்பித்தது கடைசி மகன் சார்ல்ஸ் பிரான்சிஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது லண்டனில் தூதராக இருந்து, பிரிட்டன் தென்மாநிலங்களின் பக்கம் சாயாமல் பார்த்துக்கொண்டவர். 1872இல் ஒரு கட்சி மாநாட்டில் ஜனாதிபதி வேட்பாளர் தேர்வில் முதல் சுற்றில் அவர் பெயர்தான் முன்னால் நின்றது. அவரோ அதற்குள் ஜெனீவாவில் ஒரு வழக்கைப் பார்க்க ஐரோப்பாவுக்குக் கப்பலேறியிருந்தார். வாய்ப்பு வேறொருவருக்குப் போனது.

"கைக்கு வந்ததைக் கோட்டை விட்டுட்டாரே!" என்று நண்பர் ஒருவர் நிஜமாகவே அங்கலாய்த்தார். சார்ல்ஸ் பிரான்சிஸ் 79 வயது வரை இருந்தார் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.