ஓசையும் ஓலமும்

கடந்த தவணையில் ஒரு நாள், உயர்தர வகுப்பிலே கலித்தொகைப் பாடலொன்றின் ஓசை நயத்தை விளக்கிக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவனின் கண்கள் எம்மீது இருந்தன. செவிகளோ வேறெங்கோ இருந்தன. சட்டைக் கழுத்துக்குள் மறைந்தோடிய இயர்போன் வயரைக் கண்டுகொண்டோம். கைத்தொலைபேசியை வாங்கி நாமும் ஒரு கணம் கேட்டோம். மனிதக் குரலோ விலங்கின் உறுமலோ என்று பிரித்தறிய முடியாத ஒரு கதறல். அதன் பின்னே ஆலமரத்தைப் புயல் சாடுவது போன்ற மேள முழக்கம். “இதுவும் ஓர் இசையோ?” என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி ஏளனம் செய்தோம். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. “சொல்லை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ, சேர்” என்று மட்டும் சொன்னான்.

அன்றிரவு வாசித்தோம். அவன் கேட்டது, இங்கிலாந்தின் ‘நேப்பாம் டெத்’ என்னும் இசைக்குழு 2020 செப்ரெம்பரில் வெளியிட்ட இசைத்தட்டு. தோல்வி மனப்பான்மையின் கோரப்பற்களிடையே துடிக்கும் மகிழ்ச்சி என்று அதன் நீண்ட தலைப்பைத் தமிழாக்கலாம். அட்டையிலே சிதைந்து கிடக்கிறது ஒரு வெண்புறா. அதன் மார்பிலோ குருதியால் அமைந்த சமக்குறி. 1989 முதல் இக்குழுவின் பாடகராகிய பார்ணி கிறீன்வே, ‘பிறர்’ என்னும் எண்ணமே இத்தட்டின் அடிநாதம் என்று கூறியிருக்கிறார். இடம்பெயர்ந்து வருவோர், பால்நிலையில் வேறுபட்டோர் ஆகியோர்மீது திட்டமிட்டு வளர்க்கப்படும் அச்சத்தையும், அவ்வச்சம் வன்முறையின் விளிம்புக்கு வந்து நிற்பதையுமே அவர் கருதினார். பாடலொன்றின் பெயர் ‘தொற்று’. உப்பும் காழ்ப்பும் நிறைந்த வயிறு என்பது இறுதிப் பாடலின் பெயர். அத்தலைப்பைப் படித்ததும், படகு கவிழ்ந்து உப்புநீர் குடித்து மாண்டோரே எம் நினைவில் வந்தனர்.

பொருள் இதுவாயின் வடிவம் ஏன் இவ்வாறு இருத்தல் வேண்டும்? நல்லதைச் சொல்வோர் நயமாகச் சொல்லலாகாதா? இவ்வினாவுக்கு விடை தேட, இவ்விசை பிறந்த மண்ணை நோக்குதல் வேண்டும்.

பேர்மிங்ஹாம், ஆயிரம் தொழில்களின் நகரம் எனப் பெயர் பெற்றது. அங்கே தகட்டு இரும்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த ரொனி அயோமி என்னும் இளைஞன், பதினேழாவது வயதில் தன் வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்துக்குப் பலிகொடுத்தான். இடக்கையால் வாசிப்பவனாதலின், கிற்றாரின் தந்திகளை அழுத்துவது அந்த வலக்கையே. இனி வாசிக்க முடியாது என்ற நிலையில், பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்தான். பின்னர் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினான். 1970இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட ‘பிளாக் சபத்’ குழுவின் கனத்த ஒலி, ஒரு தொழிலாளியின் காயத்தையும் தன்னுள் கொண்டது. மெற்றல் என்னும் இசைவகையின் ஊற்று அதுவே.

அந்நகரின் அயலிலுள்ள மெரிடன் என்னும் கிராமத்தில், 1981இல், பதின்மவயதினர் சிலர் ‘நேப்பாம் டெத்’ குழுவைத் தொடங்கினர். வியற்நாமின் வயல்களையும் மனிதரையும் எரித்த வெடிநெருப்பின் பெயரையே அவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்டனர். பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைக் கடந்திருந்த காலம். 1984-85இன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்ட காலம். 1987இல் வெளிவந்த அவர்களது முதல் இசைத்தட்டில் இருபத்தெட்டுப் பாடல்கள். அவற்றுள் ஒன்று 1.316 செக்கன் மட்டுமே நீளமுடையது; உலகின் மிகச் சிறிய பாடல் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. துன்பப்படுகின்றாயே, ஏன் என்று வினவுவதே அதன் முழுப் பொருளும். வினாவுக்கு ஒரு செக்கன். விடைக்கோ ஒரு வாழ்நாள் போதாது!

தொழிற்சாலைகள் மூடப்பட்ட ஊரிலே பிறந்த கோபம், மெல்லிசையாக வருதல் இயலாது. இதனை நாம் உணராதிருந்தது வெட்கத்துக்குரியது. ஏனெனில் எம் நாட்டிலேயே, 1960களின் முற்பகுதியில், உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளில் எழுதிய முற்போக்கு எழுத்தாளரை நோக்கி, ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் முகஞ்சுளித்தனர். அம்மரபுப் போராட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் படித்து, எழுத்தாளர் பக்கமே நியாயம் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றவர்கள் நாம். அன்று வகுப்பறையில் நாம் பேசியதோ பண்டிதரின் குரலில்!

ஆயினும் குறை கூறாது விடுதல் நேர்மையன்று. அச்சிட்ட சொற்களைப் பார்த்தாலன்றி இப்பாடல்களின் பொருள் செவிக்குப் புலனாவதில்லை. யாருக்காகப் பாடுகிறார்களோ அவர்களுட் பலரை இவ்வடிவம் வாயிலிலேயே தடுத்து நிறுத்தும். இன்னொன்று: 1987ஆம் ஆண்டுத் தட்டு, பல்தேசியக் கம்பனிகளைச் சாடும் பாடலுடன் தொடங்குகின்றது, 2020ஆம் ஆண்டுத் தட்டை வெளியிட்ட நிறுவனமோ 2015 முதல் சொனி என்னும் பல்தேசியக் கம்பனியின் உடைமை. எதிர்ப்பையும் விலைப்பொருளாக்க வல்லது முதலாளித்துவம். இம்முரண்பாட்டை இசைக்குழுவின்மீது மட்டும் சுமத்துதல் தகாது. சந்தைக்கு வெளியே நின்று பேச எவருக்குத்தான் இடமிருக்கிறது? எனினும் அதனை மறத்தலும் தகாது.

மறுநாள் கைத்தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தோம். இறுதிப் பாடலைப் பற்றிக் கேட்டோம். நெடுநேரம் நிலத்தைப் பார்த்து நின்றவன், கடல்வழியே வெளிநாடு புறப்பட்ட தன் தமையனைப் பற்றி நான்கு ஆண்டுகளாக ஒரு செய்தியும் இல்லை என்றான். “அம்மா இன்னும் சாப்பாடு எடுத்து வைக்கிறவ, சேர். வீட்டில அழேலாது. இதைக் கேட்டா, ஆரோ எனக்காகக் கத்துற மாதிரி இருக்கும்.”

1986இல் கனடாவின் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தமிழரை மீனவர்கள் மீட்டனர். 2010இல் ‘சன் சீ’ என்னும் கப்பல் 492 பேருடன் அந்நாட்டின் மேற்குக் கரையை அடைந்தது. கரை சேர்ந்தோருக்குத் தொகை உண்டு. சேராதோருக்கு?

மூன்று ஆண்டுகளாக அம்மாணவனுக்கு நாம் தமிழ் கற்பித்தோம். பாலைத்திணையின் பிரிவுத்துயரை எத்தனையோ முறை விளக்கினோம். அவன் வீட்டுப் பிரிவை அறியாதிருந்தோம். ஆசிரிய நண்பர்களே, இளைஞர் கேட்கும் இசை எமக்கு இரைச்சலாகப் படலாம். அதைப் புகழ வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஏளனம் செய்யுமுன், அவர்கள் அதை ஏன் கேட்கிறார்கள் என்று வினவுவோம்.

அடுத்த தமிழ் மன்றக் கூட்டத்தில் அவ்விசைத்தட்டைப் பற்றி அவன் பேசவுள்ளான். சக ஆசிரியர் இருவர் ஆட்சேபித்தனர். தலைமை தாங்க நாம் இசைந்திருக்கிறோம். வகுப்பின் முன் செய்த ஏளனத்துக்கு, அதே வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்கவும் எண்ணியிருக்கிறோம்.