தென்பெண்ணையில் காணாமல் போன திட்டு

செல்போனில் இரண்டு படங்கள். இரண்டுமே சென்டினல்-2 செயற்கைக்கோள் எடுத்தவை, இரண்டுமே மார்ச் மாதத்துப் படங்கள், இரண்டிலும் இருப்பது திருக்கோவிலூரை ஒட்டி ஓடும் தென்பெண்ணை. 2024 படத்தில் மணலுக்கு நடுவே வெண்டைக்காய் போல நீண்ட ஒரு பச்சைத் திட்டு. 2025 படத்தில் அதே இடம் வெறும் வெளுத்த மணல்.

நடுவில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். 2024 டிசம்பர் 2 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து விடியுமுன்பே விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. வெள்ளம் திட்டைத் தின்றுவிட்டது என்று வீட்டிலிருந்தபடியே எழுதிவிடலாம். மனசு கேட்கவில்லை. 2025 மார்ச் கடைசியில் கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம், ஆற்றுக்குப் போகுமுன், கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணைக்குப் போனேன். முழு மட்டம் 46 அடி. தண்ணீர் நன்றாகவே இறங்கியிருந்தது. மழைக்காலப் படத்தில் நீலமாகத் தெரிந்த இடத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர் விலகிய சேற்றில் வெடிப்பு விட்டு, மண் பாளம் பாளமாகச் சுருண்டு கிடந்தது. இங்கே தண்ணீர் இறங்க இறங்க மேடு 'வளரும்', ஏற ஏறச் 'சுருங்கும்'. மண் அசையவே இல்லை. ஆற்றுத் திட்டை அளக்கிறவன் முதலில் பார்க்க வேண்டியது படம் எடுத்த நாளில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது என்பதைத்தான். அதனால்தான் ஆறு மெலிந்து கிடக்கும் மார்ச் படங்களையே இரண்டு வருடத்துக்கும் எடுத்துவைத்திருந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் 12 ரூபாய்க்கு ஒரு டீ. தியாகதுருகம் வழியாகத் திருக்கோவிலூர் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பஸ் கிளம்பும்போது பின்னால் மேற்கே கல்வராயன் மலை புகை படிந்த கோடாகத் தெரிந்தது. அந்த மலை ஒரு பெரிய கூரை மாதிரி. கிழக்கே இறங்கும் கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றில் போய்ச் சேரும். வடக்குச் சரிவில் விழும் மழை தென்பெண்ணைக்கு.

திருக்கோவிலூரில் இறங்கியதும் ஆட்டோக்காரர் 80 ரூபாய் கேட்டார். 60-க்குப் படிந்தது. கபிலர் குன்று என்றதும் வேறு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.

ஆற்றுக்குள் தனியே நிற்கும் பாறை அது. உச்சியில் சின்னக் கோயில். வள்ளல் பாரியின் மகளை மணமுடித்துக் கொடுத்த பிறகு சங்கப் புலவர் கபிலர் உயிர்விட்ட இடம் இது என்பது வழக்கு. அருகிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கும் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டே இதைப் பேசுகிறது. ஆக, ஆயிரம் வருடத்துக்கு முன்பே இடம் குறித்து வைக்கப்பட்ட பாறை. ஆனால் படத்தில் தேடினால் கண்ணில் அகப்படுவதே கஷ்டம். சென்டினல்-2 தரையைப் பத்து மீட்டர்க் கட்டங்களாகப் பார்க்கிறது. நம் கணக்கில் ஒரு கட்டம் ஏறக்குறைய இரண்டரை சென்ட். பல பத்தாண்டுகளாகப் படம் தரும் லேண்ட்சாட் வரிசைக்கு முப்பது மீட்டர்க் கட்டம், அதாவது 22 சென்ட். அதில் இந்தக் குன்று மணலோடு மணலாகக் கரைந்துவிடும். ஊரே பெயர் சொல்லும் தீவு மேலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி. பெயரில்லாத கருவேலங்காடு பளிச்சென்று தெரிகிறது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கிழக்கே நடந்தேன். தண்ணீர் ஒரு ஓரமாகக் கணுக்காலளவு ஓடியது. ஒன்பது மணிக்கே மணல் சுட ஆரம்பித்துவிட்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் குரல் கொடுத்தார்.

"என்னா தம்பி தேடற?"

"இங்க ஒரு திட்டு இருந்துச்சாமே, தாத்தா?"

"அதெல்லாம் வெள்ளத்துல பூடுச்சி. மொத்தமா வழிச்சிக்கினு போயிடுச்சி."

படம் சொன்னதையே அவரும் சொன்னார். ஆனாலும் போன் காட்டிய இடம்வரை போனேன்.

போகப் போகக் கால் மேடேறுவது தெரிந்தது. நின்று திரும்பிப் பார்த்தால், ஓடும் தண்ணீர் என் இடுப்பளவு கீழே இருந்தது. சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குச் சீமைக்கருவேல அடிக்கட்டைகள். பட்டை உரிந்து, எல்லாமே கிழக்குப் பார்த்துச் சாய்ந்திருந்தன. சாக்கும் வைக்கோலும் ஒரு சேலைக் கிழிசலும் அவற்றில் முறுக்கிக்கொண்டு கிடந்தன. குதிகாலால் நோண்டினேன். ஒரு சாண் புது மணல், அதற்குக் கீழே வேர் பின்னிய கறுப்பு வண்டல். கட்டையின் அடியில் விரல் நீளத்துக்குத் துளிர்.

திட்டு எங்கும் போகவில்லை, மொட்டை போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், இலை திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இது நீர், இது பசுமை என்று படத்தில் பிரிக்கிறார்கள். இலை போய், மேலே மணலும் மூடிக்கொண்டால் திட்டுக்கும் ஆற்று மணலுக்கும் ஒரே நிறம். மேட்டின் உயரத்தை அந்தப் படம் அளப்பதில்லை. இரண்டரை சென்ட் கட்டத்தில் நாலு துளிர் எங்கே தெரியப் போகிறது?

இன்னும் முந்நூறு அடி நடந்தால் இரண்டாவது திட்டு. இரண்டு படங்களிலும் பச்சை மாறாமல் இருந்ததால் இதைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. வடக்குப் பக்கமாகச் சுற்றி வந்தபோதுதான் பார்த்தேன். ஆறு கரையைச் செங்குத்தாக அரிந்திருந்தது. என் மார்பளவு மண்சுவர். வேர்கள் அந்தரத்தில் தொங்கின. தொட்டதும் ஒரு கட்டி மண் பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. விளிம்பில் நின்ற கருவேலம் ஆற்றுப்பக்கம் கவிழ்ந்து, அரிந்துபோன இடத்தின் மேல் குடை பிடித்துக்கொண்டிருந்தது. குடையின் வெளி விளிம்பிலிருந்து மண்சுவர் வரை என் நடையில் நாலு எட்டு. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அந்த நாலு எட்டும் நிலம்தான்.

பிரம்மபுத்திராவின் மாஜுலித் தீவு தேய்வதைச் செயற்கைக்கோள் படங்கள் தெளிவாகச் சொல்கின்றன. அங்கே இழப்பு சதுரக் கிலோமீட்டர் கணக்கில். இங்கே எட்டுக் கணக்கில். படத்தைக் குறை சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் இந்த இடத்துக்கே வந்திருக்க மாட்டேன்.

அரிந்த விளிம்பிலிருந்து இருபது எட்டு உள்ளே தள்ளி நின்ற ஒரு மரத்தில், கையோடு எடுத்து வந்த சேலைக் கிழிசலைக் கட்டினேன். ஆடுகளோடு பின்னாலேயே வந்திருந்த பெரியவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாத்துக்கு?"

"அடுத்த பங்குனியில வந்து எண்ணிப் பார்க்கத்தான் தாத்தா. கரை எவ்ளோ போயிருக்குன்னு தெரியும்ல."

"அதுக்குள்ள இன்னொரு வெள்ளம் வந்தா இந்த மரமே இருக்காதே. கபிலர் கல்லுலேர்ந்து எண்ணு."

துணியை அவிழ்க்கவில்லை. மண்சுவரின் விளிம்பிலிருந்து திரும்பி, வாய்விட்டு எண்ணிக்கொண்டே மேற்கே நடந்தேன். பாறையில் கை வைத்தபோது 612.